“அவையோட கதைக்காதீங்கோ”: கடன் தள்ளுபடி என்ற பெயரில் நடந்த மோசடி – வலிகாமத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு பற்றி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இயங்கும் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்கு 2024 ஜனவரியில், தைப்பொங்கல் கழிந்த கையோடு வந்த ஒரு குடும்பத்தின் விஷயம் இது. நான் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். அதற்கு முதல் வங்கியொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடன் சிக்கலோடு வருகிறவர்களின் கணக்கை எடுத்துவைத்துப் பார்ப்பது சங்கத்தில் என் பங்கு.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர், ஊர், கடன் கொடுத்த நிறுவனங்கள் எதையும் சொல்லவில்லை. தொகைகள் மட்டும் அவர்களிடமிருந்த சிட்டைகளிலும் பாஸ் புத்தகங்களிலும் இருந்தபடியே.

குடும்பமும் கடன்களும்

கணவர் மேசன். 2022இல் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டது. அதற்குப் பிறகு பாரம் தூக்க முடியாது. மனைவி விடியப்புறம் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்கும் அயலில் சில வீடுகளுக்கும் கொடுக்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். மகன் ஒன்பதாம் ஆண்டு.

இடியப்பத்தில் மாதம் சுமார் 30,000 ரூபா மிஞ்சும். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு அப்போது 8,500 ரூபா. ஆக 38,500.

கடன் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு வந்தது. முதல் நுண்கடன் 2022இல் கணவரின் வைத்தியச் செலவுக்காக எடுத்தது. கிழமைக்கு 2,850 கட்டு. இரண்டாவது 2023 ஆரம்பத்தில், மா விலை ஏறிய நேரத்தில் மூட்டையாக வாங்கி வைக்கலாம் என்று எடுத்தது, கிழமைக்கு 2,100. ஆனால் அந்தக் காசில் பாதி, முதல் கடனின் கட்டுக்கே போய்விட்டது. மூன்றாவது, தவணை முறையில் எடுத்த பிரிட்ஜ், மாதம் 5,400. கடைசியாக 2023 ஜூனில் இரண்டு பவுண் சங்கிலியை வங்கியில் அடைவு வைத்து 2,20,000 எடுத்தார்கள். கூரை திருத்தமும் மகளின் ரியூசனும் அதில் நடந்தன.

அடைவு வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் மாதம் 25,200 ரூபா கட்டுக்கு. மிச்சம் 13,300இல் நாலு பேர் சாப்பிட்டு, இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டும். இறுக்கமான கணக்குத்தான். ஆனால் அந்த ஓகஸ்ட் வரைக்கும் ஒரு கட்டும் தவறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மோசடிக்காரரிடம் அகப்படுபவர்கள் கடனைக் கட்டாமல் ஓடித் திரிகிறவர்கள் என்று ஒரு எண்ணம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. இந்த மனைவியின் கட்டுப் புத்தகம் அதற்கு நேர் எதிர்.

விளம்பரம் வந்த விதம்

2023 செப்டெம்பரில் மகளின் போனில் பேஸ்புக் விளம்பரம் ஒன்று வந்தது. அரச இலச்சினையைப் போல ஒன்று மேலே. கீழே தமிழில்: நுண்கடன் பெற்ற வடக்கு, கிழக்குப் பெண்களுக்குக் கடன் தள்ளுபடி, பதிவுகள் முடியப் போகின்றன, இந்த வாட்ஸ்அப் இலக்கத்துக்கு எழுதுங்கள்.

மனைவி இதை ஏன் நம்பினார் என்று பலர் பிறகு கேட்டார்கள். நம்பக் காரணம் இருந்தது. 2018இல் அரசாங்கம் உண்மையிலேயே அப்படி ஒரு நிவாரணம் கொடுத்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில், மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடந்தவை தள்ளுபடியாகின. அதே ஆண்டில் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் வந்தது. அயலில் இரண்டொரு பெண்களின் கடன் அப்போது இல்லாமல் போனதை இவர் கண்ணால் கண்டவர். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற கதையும் அப்போதிருந்து ஊரில் இருக்கிறது.

விளம்பரத்தைச் செய்தவர்கள் அந்தப் பழைய நிவாரணத்தை நன்றாகப் படித்திருந்தார்கள். அவர்கள் சொன்ன நிபந்தனையும் அதுதான்: மூன்று மாதம் நிலுவை இருக்க வேண்டும்.

செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை

வாட்ஸ்அப்பில் கதைத்தது ஒரு பெண். எல்லாரும் அவரை “மிஸ்” என்றே கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத் தமிழ், மரியாதையான பேச்சு, அவசரப்படுத்தாத குரல். முதலில் பதிவுக் கட்டணம் 3,500 ரூபா, போன் வழியாகக் காசு அனுப்பும் ஈசி கேஷில்.

ஒக்டோபர் முதல் கிழமையில் வந்த குரல் பதிவு இன்னும் அந்தப் போனில் இருக்கிறது. நானும் கேட்டேன். “அக்கா, இனி நீங்கள் லோன்காரரோட கதைக்காதீங்கோ. அவையள் போன் எடுத்தால் ஆன்சர் பண்ணாதீங்கோ, நம்பரை புளொக் பண்ணிவிடுங்கோ. நீங்கள் ஒரு கட்டுக் கட்டினாலும் லிஸ்டிலயிருந்து பேர் போயிடும். எல்லாம் எங்கட லோயர் கதைப்பார்.”

இந்த முழுச் சம்பவத்திலும் முக்கியமானது இந்தக் குரல் பதிவுதான் என்பது என் அபிப்பிராயம். கட்டை நிறுத்தச் சொன்னதில் அவர்களுக்கு இரட்டை லாபம். ஒன்று, நிறுவனத்தோடு கதைத்திருந்தால் அப்படி ஒரு திட்டமே இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த வழி அடைபட்டது. மற்றது, கையில் காசே இல்லாத வீட்டில் கிழமைக்கு ஐயாயிரம் ரூபா திடீரென்று மிஞ்சத் தொடங்கியது. அந்தக் காசில்தான் அடுத்த கட்டணம் போனது: சத்தியக்கடதாசிக்கும் முத்திரைக்கும் என்று 12,000 ரூபா, வங்கிக் கணக்கொன்றுக்கு வைப்பு. கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில், வேறு மாவட்டக் கிளையொன்றில் இருந்தது.

நவம்பரில் பெரிய கேள்வி வந்தது. இரண்டு நுண்கடனையும் முழுசாகத் தள்ளுபடி செய்ய முடியாதாம். 45,000 ரூபா “தீர்வுத் தொகை” கட்டினால் மிச்சம் எல்லாம் அழிந்துவிடுமாம். இவரிடம் அவ்வளவு காசு இல்லை. ஊரில் ஒருவரிடம் மீற்றர் வட்டிக்கு 50,000 வாங்கினார், மாதம் நூற்றுக்குப் பத்து. கணவருக்குச் சொல்லவில்லை. 45,000 அதே வங்கிக் கணக்குக்குப் போனது.

டிசம்பரில் மிஸ் இன்னொன்று கேட்டார். தள்ளுபடிப் பத்திரம் அனுப்புவதற்கு முதல், கூடுதலாகக் கட்டிய காசைத் திருப்பிப் போட வேண்டும். வங்கி அட்டையின் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கோ. அனுப்பினார். அடையாள அட்டையின் படமும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் செப்டெம்பரிலேயே போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் போனுக்கு ஓடிபி இலக்கம் வந்தது. அதையும் சொல்லச் சொன்னார்கள்.

அப்போதுதான் மகள் குறுக்கே வந்தாள். “காசு போடுறதுக்கு ஏன் மிஸ் ஓடிபி? எடுக்கிறதுக்குத்தானே அது வேணும்?” என்று தாயின் போனை வாங்கிக் கேட்டிருக்கிறாள். அதுவரை மரியாதையாகக் கதைத்த குரல் மாறியது. “சின்னப் பிள்ளையளை இதுக்குள்ள விட்டால் உங்கட ஃபைலைக் குளோஸ் பண்ணிவிடுவம்.” அன்று இரவே அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

போன காசு மொத்தம் 60,500 ரூபா.

எங்களிடம் வந்தபோது

அவர் தானாக வரவில்லை. இரண்டாவது நுண்கடன் குழுக்கடன்; ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. இவர் கட்டாமல் விட்டதும் மற்ற நாலு பேரும் சில கிழமைகள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டினார்கள். பிறகு, குழுக்கள் கூடிக் கட்டுக் கட்டும் நிலையக் கூட்டத்தில் சண்டை. அதில் ஒருவர், இவர் இடியப்பம் கொடுக்கும் கடை வாசலில் வைத்தே சத்தம் போட்டிருக்கிறார். வாடிக்கை வீடு ஒன்று இடியப்பத்தை நிறுத்திவிட்டது. சத்தம் போட்ட அதே பெண்தான் ஒரு கிழமை கழித்து இவரைக் கையோடு சங்கத்துக்குக் கூட்டி வந்தார். “இவவை நாங்கள் ஏசிப் பிரயோசனமில்லை ஐயா, ஆரோ பேக்காட்டிப் போட்டாங்கள்” என்றார்.

நான் கண்டவற்றில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தன் கடன் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. “ஒரு பத்து லட்சம் வருமோ?” என்று கேட்டார். நாங்கள் ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். முதல் நுண்கடன் 96,000. இரண்டாவது 61,000. பிரிட்ஜ் எட்டுத் தவணை, 43,200. அடைவு வட்டியோடு 2,45,000. மீற்றர் வட்டி 50,000. மொத்தம் 4,95,200. பயந்ததில் பாதிதான். அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவ்வளவுதானோ?” என்றார்.

இரண்டாவது, மாதக் கட்டு இப்போது 30,200. மீற்றர் வட்டியின் 5,000 புதிதாகச் சேர்ந்தது. முதல் ஒன்றும் குறையாமல் வட்டி மட்டும் போகிற கடன் அது. டிசம்பரிலும் ஜனவரியிலும் கட்டியிருந்தார்.

மூன்றாவது, கணவருக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. மோசடிக்காரர்கள் கேட்டது போலவே இவர் யாருக்கும் சொல்லவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். கடன் விஷயத்தை வெளியில் சொல்வது எங்கள் ஊர்களில் லேசான காரியமில்லை. அதை அவர்கள் தெரிந்து பயன்படுத்தினார்கள்.

அன்றே செய்தவை

கடன் கணக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஓட்டையை அடைப்போம் என்று முடிவெடுத்தோம். வங்கிக்குப் போன் எடுத்து அட்டையை நிறுத்தினோம். வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவுகள், ஈசி கேஷ் குறுஞ்செய்தி, இரண்டு வைப்புச் சிட்டைகள், எல்லாவற்றையும் மகள் வேறொரு போனுக்கும் அனுப்பி வைத்தாள். வெட்கத்தில் தாய் ஏற்கெனவே சில செய்திகளை அழித்திருந்தார். நல்ல காலம், ஒக்டோபர் குரல் பதிவு தப்பியிருந்தது.

அடுத்த நாள் காசு போன வங்கியின் யாழ்ப்பாணக் கிளைக்குப் போனோம். கணக்குக்காரரின் விபரத்தை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தர முடியாது என்றார்கள். அது சட்டப்படி சரியான பதில்தான், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது என்பதை எழுத்தில் எடுத்துக்கொண்டார்கள். காசு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்பது அவர்கள் சொல்லாமலே விளங்கியது.

பிறகு பொலிஸ். ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக் கோவையின் 398ஆம், 400ஆம் பிரிவுகளுக்குள் வரும் குற்றம். முறைப்பாடு எழுதும்போது “கடன் தள்ளுபடிக்குக் காசு கட்டினேன்” என்று மட்டும் சொன்னால் அது தனியார் கொடுக்கல் வாங்கல் போலத் தெரியும். சிவில் வழக்குப் போடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நாங்கள் முன்கூட்டியே ஒரு பக்கத்தில் திகதி, தொகை, போன இடம், சொன்ன பொய் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனோம். அரச இலச்சினை போட்ட விளம்பரத்தின் படத்தையும் அதோடு இணைத்தோம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவில்லை. இந்த இலக்கம் பின்னால் மூன்று இடங்களில் தேவைப்பட்டது.

அன்று பின்னேரம் அவர் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். நான் போகவில்லை, குழுப் பெண் ஒருவர் கூடப் போனார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை கணவரும் கூட வந்தார்.

சங்கிலி

அதிக நேரம் எடுத்த முடிவு இதுதான்.

மீற்றர் வட்டியை முதலில் கொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சங்கத்தில் கடன் கொடுத்து அதை அடைக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். இருக்கிற ஐந்து கடனோடு ஆறாவதையும் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சங்கத்தின் வட்டி குறைவு என்பது உண்மை. ஆனால் கடனை அடைக்கக் கடன் என்று தொடங்கித்தான் இரண்டாவது நுண்கடன் வந்தது.

மிச்சமிருந்தது அடைவிலிருந்த சங்கிலி. இரண்டு பவுண். வங்கிக்குக் கட்ட வேண்டியது 2,45,000, அதுவும் மாதாமாதம் வளர்கிறது. ஜூனில் ஒரு வருடம் முடியும். மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் போனால் கணக்கு முடிந்து கைக்கு எவ்வளவு வரும் என்பது எங்கள் கையில் இல்லை.

மனைவி சம்மதிக்கவில்லை. அது மகளுக்கென்று வைத்தது. அவரின் தாயார் இடம்பெயர்ந்து திரிந்த காலமெல்லாம் மடியில் கட்டிக் காப்பாற்றிக் கொடுத்த சங்கிலி. அதை விற்றுவிட்டு மகளுக்கு என்ன போடுவது என்று கேட்டார். இதற்கு மேல் கணக்குச் சொல்லி வற்புறுத்த எனக்கு விருப்பமில்லை. நான் ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதிக் கொடுத்தேன். சங்கிலியை வைத்திருந்தால் ஜூன் வரைக்கும் மீற்றர் வட்டி எவ்வளவு, அடைவு வட்டி எவ்வளவு, ஜூனில் மீட்க எவ்வளவு வேண்டும், அந்தக் காசு எங்கிருந்து வரும். விற்றால் என்ன மிஞ்சும். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஒரு கிழமை கழித்துக் கணவர்தான் போன் எடுத்தார்: “விப்பம் ஐயா. அது எப்பிடியும் எங்களிட்ட நிக்காது.”

அடைவு நகையை மீட்டு வாங்கும் கடைகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். அதிலும் ஏமாற்று உண்டு என்பதால் சில விஷயங்களில் கவனமாக இருந்தோம். அடைவுச் சீட்டைக் கடைக்காரரின் கையில் கொடுக்கவில்லை. அதில் எழுதியிருந்த நிறையை மட்டும் சொல்லி இரண்டு கடைகளில் விலை கேட்டோம். ஒரு கடை 2,86,000 என்றது, மற்றது 3,00,000. இரண்டாவது கடையிலிருந்து ஒருவர் காசோடு வங்கிக்கு வந்தார். வங்கிக் கவுண்டரிலேயே மீட்டு, அங்கேயே சீட்டின் நிறையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சங்கிலி கை மாறியது. கையில் மிஞ்சியது 55,000.

பெப்ரவரியில் அந்த 55,000 முழுவதும் மீற்றர் வட்டிக்காரருக்குப் போனது: முதல் 50,000, அந்த மாத வட்டி 5,000. மனைவி கொடுத்துவைத்திருந்த கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையைத் திருப்பி வாங்கிய பிறகே காசை எண்ணிக் கொடுத்தோம். இதற்காக ஆண்கள் இரண்டு பேர் கூடப் போக வேண்டியிருந்தது.

கடன் கொடுத்தவர்களிடம்

ஒரே நாளில் இரண்டு நுண்கடன் கணக்குகளும் பிரிட்ஜும் போக வேறு ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலை வந்தது. மொத்தம் 2,00,200. இனி அந்த நிறுவனங்களோடு கதைக்க வேண்டும்.

போவதற்கு முதல், கடன் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தோம். மத்திய வங்கி தன்னிடம் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின், நுண்நிதிக் கம்பனிகளின் பட்டியலை வெளியிடுகிறது. முதல் கடன் கொடுத்தது அந்தப் பட்டியலில் இருந்த நிதிக் கம்பனி. இரண்டாவது அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்பு வாங்கும் கம்பனிகளைத்தான் மத்திய வங்கியின் கீழ் கொண்டுவந்தது. கடன் மட்டும் கொடுக்கும் கம்பனிகள் வெளியே நின்றுகொண்டன. ஆட்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே மாதிரி மோட்டார் சைக்கிளில், ஒரே மாதிரிப் பையோடு வருகிறார்கள்.

முதல் நிறுவனத்தின் கிளைக்கு கடிதத்தோடு போனோம். என்ன நடந்தது, ஏன் நின்றது, எவ்வளவு கட்ட முடியும், முறைப்பாட்டு இலக்கம் என்ன என்று ஒரு பக்கம். பிரதியில் கிளை முத்திரை வாங்கிக்கொண்டோம். முகாமையாளர் கோவையை எடுத்துத் திருப்பினார். ஒக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, மூன்று இடத்தில் ஒரே வசனம்: “வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை.” அதைக் காட்டிவிட்டு, “அக்கா நீங்கள் ஒக்டோபரில வந்து கஷ்டம் எண்டு சொல்லியிருந்தால் அண்டைக்கே மாத்தித் தந்திருப்பன். நாங்கள் நீங்கள் கொழும்புக்குப் போயிட்டியள் எண்டு நினைச்சம்” என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. எல்லாக் கிளையும் அப்படி இல்லை. ஆனால் அன்று தண்டப் பணத்தை விட்டுக்கொடுத்தார். கிழமைக் கட்டை மாதக் கட்டாக்கி, மாதம் 6,500 வீதம் 18 மாதத்துக்கு மாற்றித் தந்தார். மார்ச்சிலிருந்து தொடக்கம்.

அவர் மறுத்திருந்தால் அடுத்து என்ன செய்வதென்றும் தயாராக இருந்தோம். முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு. பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புத் திணைக்களம், தொலைபேசி 1935. அல்லது நிதிசார் குறைகேள் அதிகாரி. இரண்டும் இலவசம். ஒப்பந்தத்தைச் சட்டத்தரணி ஒருவர் வாசிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் காசில்லாமல் பார்ப்பார்கள். ஆலோசனைக் கட்டணம் முன்பணமாகக் கட்டு என்று இந்த இடங்களில் யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது நிறுவனம் கஷ்டம். உரிமப் பட்டியலில் இல்லாததால் 1935 வழி பெரிய உதவியில்லை. “குழு பொறுப்பு, குழு கட்டட்டும்” என்றார் உத்தியோகத்தர். இங்கே உதவியது அந்த நாலு பெண்கள். நிலையக் கூட்டத்தில் எல்லாரும் இருக்கும்போது, இவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை 2,100 கட்டுவார், அதுவரை நாங்கள் மேலதிகமாக ஒன்றும் போட மாட்டோம், தண்டப் பணமும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். நிலையமே உடையும் என்று பயந்தோ என்னவோ, ஒத்துக்கொண்டார்கள். நான் அதில் வாய் திறக்கவில்லை. அவசியம் இருக்கவில்லை.

பிரிட்ஜைத் திருப்பிக் கொடுப்பதா என்று ஒரு கதை வந்தது. வெயில் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஜூஸ் பக்கற் விற்கிறார் என்று மகள் சொன்னதும் அந்தக் கதை முடிந்தது. நிலுவைத் தவணைகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளக் கடை சம்மதித்தது.

இப்போது மாதக் கட்டு: 6,500, 4,200, 5,400. மொத்தம் 16,100. முன்பு 30,200.

இரண்டாவது அழைப்பு

ஏப்ரலில், வருடப் பிறப்புக்கு முன்னால், தெரியாத இலக்கத்திலிருந்து ஒருவர் எடுத்தார். கொழும்பில் சட்டத்தரணி அலுவலகமாம். இவர் ஏமாந்த விஷயம் தெரியும், எவ்வளவு போனது என்றும் தெரியும், கணக்குக்காரரைப் பிடித்துவிட்டோம், 60,500ஐயும் மீட்டுத் தரலாம், செலவுக்கு 7,500 மட்டும்.

ஏமாந்தவர்களின் இலக்கங்களை விற்பதும், அல்லது அதே ஆட்களே வேறு குரலில் திரும்பி வருவதும் உலகம் முழுக்க நடக்கிற விஷயம். தொகையைச் சரியாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. அது பொலிஸுக்கும் எங்களுக்கும் முதல் மோசடிக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

இம்முறை அவர் தடுமாறவில்லை. “சரி ஐயா, மீட்ட காசில உங்கட 7,500ஐக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தாங்கோ” என்றாராம். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த இலக்கத்தையும் பொலிஸில் சேர்த்துக் கொடுத்தோம்.

இதே காலத்தில் இன்னொரு வகை விளம்பரமும் ஊரில் திரிந்தது: கிரிப் பதிவைத் துடைத்துத் தருவோம், கறுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம். அது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பும் விபரத்தைத்தான் அது வைத்திருக்கிறது. பிழை இருந்தால் அந்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். தன் அறிக்கையை யாரும் தானே கேட்டு வாங்கலாம். இடையில் ஒருவர் நின்று காசு வாங்கித் துடைக்கும் வேலை எதுவும் அங்கே இல்லை.

விளைவு

பிரிட்ஜ் 2024 செப்டெம்பரில் முடிந்தது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து சங்கத்தில் மாதம் 2,000 சேமிக்கத் தொடங்கினார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழையில் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் கிடந்தபோது பத்து நாளளவு இடியப்பம் இல்லை, கடைகளும் இல்லை. அந்த மாதக் கட்டு தவறியது. ஆனால் தவறுவதற்கு முதலே கிளைக்குத் தானே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது பிறகுதான் தெரியும். தண்டம் போடவில்லை, ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளினார்கள்.

குழுக்கடன் 2025 மே மாதத்தில் தீர்ந்தது. முதல் நுண்கடன் செப்டெம்பரில். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி, கிரிப் பதிவு திருத்தப்பட்டதா என்று அறிக்கை எடுத்துப் பார்த்தும் ஆயிற்று.

போன 60,500இல் ஒரு சதமும் திரும்பவில்லை. பொலிஸ் நீதிமன்ற உத்தரவோடு கணக்குக்காரரைக் கண்டுபிடித்தது: இருபது வயதுக்குக் கிட்டிய ஒரு பெடியன். காசுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் யாரோ ஒருவருக்குக் கொடுத்திருக்கிறான். மிஸ் யாரென்று அவனுக்கும் தெரியாது. அவன் நீதவான் முன் ஆஜராகிப் பிணையில் இருக்கிறான், விசாரணை முடியவில்லை. சங்கிலியும் போனது போனதுதான். மகள் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள்.

இனி மாற்றிச் செய்வது

சங்கத்தில் சில வழக்கங்கள் மாறியிருக்கின்றன. கடன் சிக்கலோடு யார் வந்தாலும் இப்போது முதல் கேள்வி எவ்வளவு கடன் என்பதல்ல, “ஆரும் உங்களைக் கட்ட வேண்டாம் எண்டு சொன்னவையோ? ஆருக்கும் காசு, அட்டைப் படம், ஓடிபி குடுத்தனீங்களோ?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்றதெல்லாம் அடுத்த நாளுக்குத் தள்ளப்படும். முதல் நாள் வங்கிக்கும் பொலிஸுக்கும்.

மீற்றர் வட்டிக்கு ஆட்கள் போவதற்கு முதல் எங்களிடம் வர ஒரு வழி வேண்டும் என்றும் பேசினோம். அவசரத் தேவைக்கு அங்கத்தவர் ஒருவருக்கு 15,000 வரை, இரண்டு நாளில், பிணையில்லாமல் என்று ஒரு சிறு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது போதுமா என்பது தெரியவில்லை. இந்தக் குடும்பத்துக்கு 45,000 தேவைப்பட்டது. அந்தத் தொகைக்கு விண்ணப்பம் வந்தால் எதற்கு என்று கேட்போம், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் விஷயம் வெளிக்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நிதியை ஒதுக்கச் சொன்னேன் என்று நிர்வாகக் குழுவில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள்.

நிலையக் கூட்டங்களுக்குப் போகும் குழுத் தலைவிகளிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். 1935, குறைகேள் அதிகாரி, சட்ட உதவி நிலையம், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உரிமப் பட்டியலைப் பார்க்கும் முறை. தாளின் மறுபக்கத்தில் கடன்களை எழுதிக் கூட்டுவதற்கு வெறும் கட்டங்கள். முன்பக்கத்தை விட அந்தக் கட்டங்களைத்தான் ஆட்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு கட்டு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம்.